பாய்மரத்துக்கு எந்த ரிவெட்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் லேசர் படகின் (ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகு) பாய்மரத்தில், கீழ்த்துண்டில் வாங் (பாயின் அடித்தண்டான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு) மாட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஆட்டம் கண்டுவிட்டது. ஹார்டுவேர் கடையில் அலுமினிய பாப் ரிவெட் (வெளிப்பக்கமிருந்தே கன்னால் இழுத்து அடிக்கும் குழாய் ஆணி) வாங்கி அடித்தேன். ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. அலுமினிய மரத்துக்கு அலுமினிய ரிவெட்தானே பொருத்தம்?
– வாசகர், சென்னை

பதில்: மரம் அலுமினியம்தான். ஆனால் ரிவெட் பிடித்து நிற்பது ஸ்டெயின்லெஸ் தகட்டை. உப்புத்தண்ணீரில் இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது அலுமினியம். அகலமான தகடு, நடுவே 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட் என்றால் மொத்த அரிப்பும் அந்தச் சின்ன ரிவெட்டின் தலையில்தான் விடியும். தலையைச் சுற்றிப் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி, கரைந்துபோன உங்கள் ரிவெட்டேதான்.

இந்த இடத்துக்கு மோனல் ரிவெட் போடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மிச்சம் பெரும்பாலும் செம்பு. இதுவும் அலுமினியத்தை அரிக்கும். ஆனால் ரிவெட் சிறியது, மரம் பெரியது. அரிப்பு பரந்த பரப்பில் பங்கிடப்படுவதால் மெதுவாகவே நடக்கும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் வெட்டி வையுங்கள். துளைக்குள்ளும் ரிவெட்டின் உடம்பிலும் டியூராலாக் அல்லது டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பேஸ்ட் தடவி, ஈரமாக இருக்கும்போதே அடியுங்கள். சிலிகான்தான் கையில் இருக்கிறது என்றால், வினிகர் வாசனை அடிக்கும் வகையைத் தொடவே வேண்டாம். அந்த அமிலம் அலுமினியத்தைத் தின்னும்.

பழைய ரிவெட்டைக் கழற்றும்போதுதான் பலரும் துளையைக் கெடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் மாண்ட்ரல் துண்டை (ரிவெட்டை விரிக்க இழுக்கும் கம்பியில் உடைந்து தங்கிய மிச்சம்) முதலில் பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். அது எஃகு; இருந்தால் டிரில் பிட் வழுக்கி மரத்தைக் கீறும். பிறகு தலையை மட்டும் துளைத்து எடுத்து, உடம்பைப் பஞ்ச்சால் தள்ளுங்கள். ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்தி, தலையை நெம்பிப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். அப்படியே அழுத்தினால் துளை நீள்வட்டமாகிவிடும்.

நீளக் கணக்கு: மரச்சுவர் 2 மி.மீ., தகடு 2 மி.மீ. என்றால் பிடிமானம் 4 மி.மீ. அதோடு ரிவெட் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் பங்கு, அதாவது 6 மி.மீ. சேர்த்தால் 10 மி.மீ. நீளம் வரும். பெட்டியில் போட்டிருக்கும் பிடிமான அளவோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குட்டையாக இருந்தால் உள்ளே போதிய குமிழ் விழாது, இழுவையில் உருவிக்கொண்டு வந்துவிடும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. பிட். கையில் இருக்கிறதென்று பெரிய பிட்டை ஓட்டினால் ரிவெட் துளையைச் சரியாக நிறைக்காது. வாங் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அசைந்து அசைந்து துளையை அகலமாக்கும்.

எல்லாத் துளைகளையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். ஒன்று துளைத்து ஒன்றை அடித்து, பிறகு அதற்கு எதிர்மூலையைத் துளையுங்கள். அடித்து முடித்ததும் உள்ளே விழுந்த மாண்ட்ரல் துண்டுகளை உதறி எடுத்துவிடுங்கள். விட்டால் துருப்பிடித்து, கலகலவென்ற சத்தத்தோடு கறையும் ஒழுகும்.

கேள்வி: மோனல் கிடைக்கவில்லை. 316 ரக ஸ்டெயின்லெஸ் ரிவெட் போடலாமா?

பதில்: போடலாம். அரிப்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை, பேஸ்ட் கட்டாயம். சிக்கல் அடிப்பதில். ஸ்டெயின்லெஸ் கடினமானது, 4.8 மி.மீ. அளவில் சாதாரண ஒற்றைக்கை ரிவெட் கன் திணறும். நீளக் கைப்பிடி இரண்டு உள்ள கன் வேண்டும். மோனல் சற்று இளகிக்கொடுத்துத் துளையை நன்றாக நிறைக்கும், அதற்குத்தான் அந்த விலை.

கேள்வி: துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. பக்கத்தில் புதிதாகப் போடட்டுமா?

பதில்: ஒட்டினாற்போல் போடாதீர்கள், இரண்டு துளைக்கும் நடுவிலிருந்து விரிசல் ஓடும். மையத்துக்கு மையம் குறைந்தது விட்டத்தின் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், 4.8-க்கு சுமார் 15 மி.மீ. தகட்டிலும் இடமிருந்தால் அதே துளையை 6.5 மி.மீ. ஆக்கி 6.4 ரிவெட் அடிப்பது மேல். துளையைச் சுற்றி முடி போல விரிசல் தெரிந்தால் ரிவெட் பேச்சே வேண்டாம், அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் அலுமினிய ரிவெட்டுக்கு வேலையே இல்லையா?

பதில்: இருக்கிறது. பூம் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்கு அதுதான் சரி. மோனலை இழுத்து அடித்தால் அந்த விசையிலேயே பிளாஸ்டிக் பிளந்துவிடும். காற்றறை மாதிரி தண்ணீர் புகக்கூடாத இடத்தில் அடிமூடிய அலுமினிய ரிவெட் கேட்டு வாங்குங்கள்; சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே கசியும்.