பின்னத்தின் தலை எங்கே போனது? பழைய வேர்ட் கோப்புகளில் சமன்பாடுகளை மீட்கும் வழி

கேள்வி: ஐயா, மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் கணித ட்யூஷன் எடுக்கிறேன். கிரேடு 11 இன்னும் ஃபார்ம் 5 ஆக இருந்த காலத்தில், 2000ஆம் ஆண்டு வாக்கில், வேர்டில் தட்டி வைத்த பயிற்சித் தாள்கள் நிறைய இருக்கின்றன. புது லேப்டாப்பில் திறந்தால் பின்னங்களின் மேல்பாதி வெட்டுப்படுகிறது. சில இடங்களில் ≤ குறிக்குப் பதிலாக £ நிற்கிறது. சமன்பாட்டை இரட்டைக் கிளிக் செய்தால் திருத்த முடியவில்லை. பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் தங்கை மகளுக்கு அனுப்பினால், அவள் கணினியில் சில பின்னங்கள் வெறும் பிழைச் செய்தியாக வருகின்றன. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம் டீச்சர். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, நான்கு தனித்தனிக் கோளாறுகள். எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்பதால்தான் கோப்பே கெட்டுவிட்டது போலத் தோன்றுகிறது. பெரும்பாலான தாள்களில் சமன்பாடு உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும்.

முதலில் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துத் தனியாக வையுங்கள். இனி செய்வதெல்லாம் நகலில்தான். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சமன்பாடு ஒவ்வொன்றும் கோப்புக்குள் இரண்டு உருவில் இருக்கிறது. ஒன்று நீங்கள் திரையில் பார்க்கும் படம். இன்னொன்று அதன் பின்னால் இருக்கும் கணிதக் கட்டமைப்பு: எது தொகுதி, எது பகுதி, எது அடுக்கு என்ற விவரம். படம் மட்டும் கெட்டிருந்தால் பின்னால் இருப்பதைக் கொண்டு மீட்டுவிடலாம். ஆனால் தேவையான எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்து, திருத்தி, சேமித்துவிட்டால் கோளாறான உருவமே கோப்பில் பதிந்துவிடும்.

அடுத்து, எந்த வகைச் சமன்பாடு என்று பார்க்க வேண்டும். ஆல்ட் + எஃப்9 அழுத்துங்கள் (சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து). சமன்பாடு இருந்த இடத்தில் நெளிவு அடைப்புக்குறிக்குள் 'எம்பெட் ஈக்குவேஷன்.3' என்று ஆங்கிலத்தில் தெரிந்தால் அது வேர்டோடு சேர்ந்து வந்த பழைய ஈக்குவேஷன் எடிட்டரில் செய்தது. ஈக்குவேஷன் என்பதற்குப் பின் 'டிஎஸ்எம்டி4' என்று வந்தால் மேத்டைப் என்ற தனிச் சமன்பாட்டு மென்பொருளில் செய்தது. 'இக்யூ' என்ற இரண்டே எழுத்தும் பின்னால் ஒரு சாய்கோடும் தெரிந்தால் அது வேர்டின் ஃபீல்டு முறை, அதாவது குறியீடாகத் தட்டியதை வேர்டே பின்னமாக வரைந்து காட்டும் முறை. எதுவுமே மாறாமல் அப்படியே நின்றால் அது வெறும் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். சிலர் இந்த விசையைத் தெரியாமல் தட்டிவிட்டு, தாள் முழுவதும் அடைப்புக்குறியாக இருக்கிறதே என்று பயப்படுவதும் உண்டு.

சரி, வெட்டுப்பட்ட பின்னங்களுக்கு வருவோம். இருப்பதிலேயே எளிதான கோளாறு இதுதான். ஒரு பக்கத்தில் அதிகக் கேள்விகளை அடக்க வேண்டும் என்று அந்த நாளில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து 12 புள்ளி என்றோ 14 புள்ளி என்றோ கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால், வரியில் எவ்வளவு உயரமான பொருள் வந்தாலும் வேர்ட் அந்த அளவுக்கு மேல் இடம் தராது, தலையை வெட்டிவிடும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + 1 அழுத்துங்கள். இடைவெளி 'சிங்கிள்' ஆகி, பின்னம் முழுசாக எழுந்து நிற்கும். பக்கம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். வரியோடு வரியாக இருக்க வேண்டிய சமன்பாடு சற்று மேலே ஏறி நிற்கிறதா? யாரோ முழுத் தாளையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஸ்பேஸ் அழுத்தியிருக்கிறார்கள். வரியின் அடிக்கோட்டோடு பொருந்துவதற்காகச் சமன்பாட்டை இத்தனை புள்ளி கீழிறக்கு என்று ஒரு குறிப்பு அதில் இருக்கும். எழுத்து வடிவமைப்பை நீக்கும் அந்த விசை இந்தக் குறிப்பையும் துடைத்துவிடும். ஃபான்ட் பெட்டியில் 'பொசிஷன்' என்ற இடத்தில் 'லோவர்ட்' என்று கொடுத்து, பொருந்தும் வரை புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்.

£ விவகாரம்தான் ஆழமானது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் கண்டபடி ஆங்கில எழுத்துகள் ஓடும் அல்லவா? அதே கதைதான் இது. எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன், கணிதக் குறிகளுக்கென்று 'சிம்பல்' என்ற எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும். வழக்கமான எழுத்துருவில் £ இருக்கும் எண்ணில் சிம்பல் எழுத்துருவில் ≤ இருக்கும். ³ இருக்கும் இடத்தில் ≥, ¹ இருக்கும் இடத்தில் ≠, ¥ இருக்கும் இடத்தில் ∞, » இருக்கும் இடத்தில் ≈. எழுத்துரு கைவிட்டதும் அந்த எண்ணுக்கு உரிய சாதாரண எழுத்து வெளியே தெரிகிறது. மின்னஞ்சலுக்குள் நகலெடுத்து ஒட்டும்போதும், கைபேசியில் திறக்கும்போதும் இது அடிக்கடி நடக்கும்.

ஈக்குவேஷன் எடிட்டருக்கு 'எம்டி எக்ஸ்ட்ரா' என்று இன்னொரு எழுத்துருவும் வேண்டும். அது இல்லாவிட்டால் வெக்டரின் தலைக்கு மேல் அம்புக்குறிக்குப் பதிலாக ஆங்கில 'ஆர்' உட்கார்ந்திருக்கும். தொடரின் நடுவில் மூன்று புள்ளிக்குப் பதிலாக 'கே' வரும். உங்கள் தாள்களில் இப்படித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இந்த எழுத்துருதான் காணவில்லை. மேத்டைப் நிறுவினால் அதுவும் கூடவே வரும். நிறுவியதும் படங்கள் தானாகச் சரியாகத் தெரியும்.

சமன்பாட்டுப் பெட்டிக்கு வெளியே, வெறும் வாக்கியத்துக்குள் £ வந்திருந்தால் கையால்தான் மாற்ற வேண்டும். வேர்டில் 2264 என்று தட்டி உடனே ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் ≤ ஆகும். 2265 தட்டினால் ≥. 2260 தட்டினால் ≠. இவை யூனிகோடு எழுத்துகள் என்பதால் வேறு கணினியில் வேறு குறியாக உருமாறாது. ஆனால் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டு ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். ³ என்பது சில இடத்தில் உண்மையாகவே மூன்றாம் அடுக்கு. கேம்பிரிட்ஜ் வினாக்களைப் பார்த்து எழுதிய வட்டிக் கணக்கில் £ என்பது பவுண்டேதான். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்; அலுப்பான வேலைதான், ஆனால் விடைத்தாளில் தப்பு வராது.

இரட்டைக் கிளிக் செய்தால் ஏன் திறக்கவில்லை? அந்த ஈக்குவேஷன் எடிட்டர் மைக்ரோசாஃப்டே எழுதியதல்ல. டிசைன் சயன்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கி ஆஃபிஸோடு சேர்த்துத் தந்தது. அந்த நிரல் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மாறாமலே கிடந்தது. 2017 நவம்பரில் அதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது: சூழ்ச்சியாகச் செய்த ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தாலே போதும், கணினி அந்நியர் கைக்குப் போய்விடும். 2018 ஜனவரி அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதை ஆஃபிஸிலிருந்தே எடுத்துவிட்டது. பழைய எடிட்டரின் கோப்பை எங்கிருந்தாவது இறக்கி மறுபடி நிறுவச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். மாணவர்கள் அனுப்பும் கோப்புகளையும் நீங்கள் இதே லேப்டாப்பில்தானே திறக்கிறீர்கள்?

உங்களிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் 365 என்றால் வழி எளிது. கோப்பைத் திறந்து 'ஃபைல்', 'இன்ஃபோ', 'கன்வெர்ட்' என்று போய்ப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். பிறகு பழைய சமன்பாட்டை இரட்டைக் கிளிக் செய்தால், இதைப் புதிய ஆஃபிஸ் சமன்பாடாக மாற்றட்டுமா என்று கேட்கும். ஒன்றை மட்டும் மாற்றலாம், எல்லாவற்றுக்கும் சேர்த்தும் சொல்லலாம். முதலில் ஒன்றை மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மாற்றத்துக்கும் எம்டி எக்ஸ்ட்ரா எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும்.

365 இல்லையென்றால், வேர்ட் கோப்புகளைத் திறக்கும் லிப்ரே ஆஃபிஸ் என்ற மென்பொருள் இலவசம். என் ஓட்டு பல நேரங்களில் அதற்குத்தான். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோடு/சேவ்', 'மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ்' என்ற இடத்தில் மேத்டைப் வரிக்கு எதிரே உள்ள கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய கோப்பைத் திறக்கும்போதே படத்தை நம்பாமல் பின்னால் இருக்கும் கட்டமைப்பைப் படித்துத் தன் சூத்திரமாக மாற்றிக்கொள்ளும். அங்கிருந்து வேர்டின் புதிய வடிவத்தில் சேமித்தால் வேர்டில் திருத்தக்கூடிய சமன்பாடாகவே போய்ச் சேரும். அணிகளும் பெரிய அடைப்புக்குறிகளும் உள்ள இடங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். மேத்டைப்பின் புதிய பதிப்புகளில் செய்தவை என்றால் மேத்டைப்பிலேயே திறப்பது நல்லது. வெறும் படமாக நிற்பவற்றை மறுபடி தட்டத்தான் வேண்டும். அதில் மீட்க எதுவும் இல்லை.

அப்புறம் ரீயூனியன். தங்கை மகளின் கணினியில் பிழை காட்டுபவை அந்த இக்யூ ஃபீல்டுகளாக இருக்க வேண்டும். அதில் தொகுதியையும் பகுதியையும் பிரிக்கும் குறி எது என்பதை விண்டோஸின் வட்டார அமைப்புதான் முடிவு செய்கிறது. உங்கள் கணினி ஆங்கில அமைப்பில் இருந்தால் அது காற்புள்ளி. அவளுடையது பிரெஞ்சு அமைப்பு. அங்கே காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால் பிரிக்கும் வேலை அரைப்புள்ளிக்கு. நீங்கள் எழுதிய 1,2 அவளுக்கு 'ஒன்று தசம் இரண்டு' என்ற ஒரே எண். பகுதி எங்கே என்று தெரியாமல் வேர்ட் பிழை காட்டுகிறது. அவள் கண்ட்ரோல் பேனலில் பிரிப்புக் குறியை மாற்றினால் தீரும். ஆனால் அவளுடைய எக்செல் சூத்திரங்களிலும் அந்தக் குறி மாறும் என்பதால் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அவள் வெறுமனே படித்துப் பயிற்சி செய்வதற்குத்தான் என்றால் உங்கள் லேப்டாப்பிலிருந்தே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். திருத்தவும் வேண்டுமென்றால், அந்த இக்யூ பின்னங்களை மட்டும் ஆல்ட் + '=' அழுத்தி வரும் புதிய சமன்பாட்டுப் பெட்டியில் மறுபடி போட்டுவிடுங்கள். சாதாரணப் பின்னத்துக்கு 1/2 என்று தட்டி ஸ்பேஸ் அழுத்தினால் தானே மேலும் கீழுமாக அமையும்.