காரலின் தொண்டையில் ஒரு விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரல் மீனுக்குள் வாழும் ஒளிரும் பாக்டீரியாக்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கடல் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

இராமேசுவரம் வாசகர்: ஐயா, எங்கள் வீட்டில் காரல் குழம்பு இல்லாத வாரமே கிடையாது. இந்த மீன் ஒளிவிடும் என்று படித்தேன். வெயிலில் மின்னும் அதன் வெள்ளித் தோலைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

இல்லை. தோலின் மினுமினுப்பு, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது மட்டுமே. காரலின் சொந்த ஒளி உணவுக்குழாயைச் சுற்றி வளையம்போல் அமைந்த ஒரு சிறிய உறுப்பில் பிறக்கிறது. அவ்வுறுப்பின் நுண்குழல்களில் போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்னும் பாக்டீரியா நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. அங்கிருந்து புறப்படும் நீலப்பச்சை ஒளி, குவானின் படிகங்கள் பதிந்து கண்ணாடிபோல் பளபளக்கும் காற்றுப்பையின் உட்சுவரில் பட்டுத் திரும்பி, ஒளி ஊடுருவும் தசைகளின் வழியாகக் கீழிறங்கி, வயிற்றுப்பகுதி முழுவதும் மெல்லிய வெளிச்சமாகப் பரவுகிறது. நாம் மீனை ஆயும்போது செவுளோடும் குடலோடும் இந்த உறுப்பும் போய்விடுவதால், காலங்காலமாகக் காரல் உண்பவர்களும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

கல்லூரி மாணவி, தூத்துக்குடி: இருட்டில் ஒளிவிட்டால் எதிரிகளிடம் எளிதாகச் சிக்கிக்கொள்ளாதா?

நல்ல கேள்வி; விடையோ எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. மேலிருந்து வரும் வெளிச்சத்தின் பின்னணியில் நீந்தும் மீன், கீழிருந்து பார்க்கும் வேட்டை மீனுக்குக் கரிய நிழலாகத் தெரியும். தன் வயிற்றை அந்தப் பின்னணியின் அளவுக்கே ஒளிரச் செய்தால் நிழல் கரைந்துவிடும். ஆகவே காரலின் ஒளி பெரும்பாலும் ஒளிந்துகொள்வதற்கான ஒளியே.

ஆனால் பயன் அத்துடன் நிற்கவில்லை. பல காரல் இனங்களில் ஆணின் ஒளியுறுப்பு பெண்ணினுடையதைவிடப் பெரிதாக இருப்பதுடன், ஆணின் உடலில் ஒளி வெளியேறுவதற்கென்றே தெளிவான சாளரம் போன்ற பகுதியும் அமைந்திருக்கிறது. இனத்துக்கு இனம் அதன் இடமும் வடிவமும் வேறுபடுவதால், துணையை அழைக்கவும் தன் இனத்தை அடையாளம் காட்டவும் இது உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாக்டீரியா இடைவிடாமல் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தைத் திறப்பதும் மறைப்பதும் உறுப்பைச் சூழ்ந்த மூடிகளின் வேலை. இந்தக் கூட்டுறவைச் சமமானவர்களின் நட்பு என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. உணவும் உறைவிடமும் தந்தாலும், எத்தனை பாக்டீரியா இருக்கலாம், அவற்றின் ஒளி எப்போது வெளியே தெரியலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது மீன்தான்.

அதே மாணவி: குஞ்சுக்கு இந்தப் பாக்டீரியா தாயிடமிருந்தா வருகிறது?

இல்லை. குஞ்சு பாக்டீரியா இல்லாமலே பிறந்து, பின்னர் கடல்நீரிலிருந்து அதைப் பெறுகிறது. வளர்ந்த மீனின் உறுப்பில் மிகுந்துபோன பாக்டீரியா குடல் வழியாகக் கடலுக்கே திரும்புவதால், அடுத்த தலைமுறைக்கு வேண்டிய விதை நீரில் எப்போதும் இருக்கும்.

சென்னை வாசகர்: குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த மீன் இரவில் நீலமாக மினுங்கியது. பயந்து எறிந்துவிட்டோம். அது நஞ்சா?

ஒளி நஞ்சன்று. கடல்மீனின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் சில ஒளிரும் பாக்டீரியாக்கள், உப்பும் ஈரமும் கிடைத்தால் குளிரிலும் பெருகும்; போட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் அவற்றில் ஒன்று. லூசிபரேஸ் என்னும் நொதி ஆக்சிஜனைக் கொண்டு நிகழ்த்தும் வேதிவினையே அந்த வெளிச்சம். பாக்டீரியா என்ற காரணமே தெரியாத காலத்தில், ராபர்ட் பாயில் என்னும் அறிவியலாளர் ஒளிரும் மரக்கட்டையையும் மீனையும் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி, அந்த ஒளி காற்றைச் சார்ந்தது என்று 1668இல் எழுதினார்.

ஆனாலும் நீங்கள் எறிந்ததைத் தவறென்று சொல்லமாட்டேன். மினுங்கும் அளவுக்கு ஒரு பாக்டீரியா பெருகியிருந்தால் மற்றவையும் பெருகியிருக்கக்கூடும். குறிப்பாகச் சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றில் பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது.

சென்னை வாசகர்: 2019 ஆகஸ்டில் எங்கள் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தனவே, அதுவும் இதுதானா?

அன்று. அது நாக்டிலூக்கா என்னும் ஒருசெல் உயிரி. அலை உடையும்போது மட்டும் பளிச்சிடும்; பாக்டீரியாவோ சீராக ஒளிரும்.

மண்டபம் வாசகர்: எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பாக்டீரியா இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 1970இல் போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. இப்போது அதை லியோக்னாதியின் துணையினமாகவே பலர் கொள்கிறார்கள். லக்ஸ்-எஃப் என்னும் மரபணு மண்டபமென்சிசிடம் உண்டு, லியோக்னாதியிடம் இல்லை என்பது இரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களில் ஒன்று. காரலின் ஒளியுறுப்பில் இரண்டுமே கிடைக்கின்றன. ஆனால் பகலில் கடல் முள்ளெலிகளின் முட்களுக்கிடையே மறைந்திருந்து இரவில் இரை தேடும் சைபாமியா என்னும் சிறு மீன், தன் விளக்குக்கு உங்கள் ஊர்ப் பெயர் கொண்டதையே சேர்த்துக்கொள்கிறது.