ஆணி சிவந்தது, நீலம் ஏன் வெளுக்கவில்லை?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு உலோக இடப்பெயர்ச்சி வினையைக் காட்ட, 12.5 கிராம் செப்பு சல்பேட்டை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஒன்றரை அங்குல இரும்பு ஆணி ஒன்றைப் போட்டேன். ஆணி சிவந்தது, ஒரு மணி நேரமாகியும் நீலம் வெளுக்கவில்லை. சோதனை தவறிவிட்டதா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தவறவில்லை. ஆணியில் படிந்த செம்பே வினை நடந்ததற்குச் சாட்சி. செம்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் இரும்பு அயனியாகிக் கரைசலில் இறங்க, அந்த எலக்ட்ரான்களைப் பெற்ற, கரைசலுக்கு நீல நிறம் தரும் செம்பு அயனி உலோகமாகி ஆணியில் ஒட்டிக்கொள்கிறது.

குறை அளவில்தான் இருக்கிறது. உங்கள் கரைசலில் ஏறத்தாழ 3.2 கிராம் செம்பு உண்டு. அதை முழுவதும் வெளியேற்ற 2.8 கிராம் இரும்பு கரைய வேண்டும். அந்தச் சிறிய ஆணி முழுதும் கரைந்தாலும் அவ்வளவு தேறாது. போதாக்குறைக்கு, படியும் செம்பே ஆணியைப் போர்த்திக்கொண்டு வினையை மந்தமாக்கிவிடுகிறது.

அடுத்த வகுப்புக்குப் புதிதாக எதையும் கரைக்க வேண்டாம். அதே கரைசலில் 2 மில்லிலிட்டரைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீர் சேர்த்து 10 மில்லிலிட்டராக்குங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்டீல் வூலில் (எஃகு இழைப் பஞ்சில்) அரை கிராம் எடுத்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவிப் போட்டுக் குலுக்குங்கள். 0.06 கிராம் இரும்பே இதற்குப் போதும் என்பதாலும், இழைகளின் பரப்பு மிகப் பெரிது என்பதாலும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வடிந்துவிடும். சட்டி தேய்க்கும் வெள்ளிநிறச் சுருள் துருப்பிடிக்காத எஃகு, அது உதவாது. ஆணியைத்தான் பயன்படுத்துவீர்களெனில், துத்தநாக முலாம் பூசாததாகப் பார்த்து வாங்கி, உப்புத்தாளால் தேயுங்கள். முலாம் இருந்தால் முதலில் வினைபுரிவது இரும்பன்று, துத்தநாகம்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். வினைக்குப் பின் மிஞ்சும் இரும்புக் கரைசல் வெளிர் பச்சை என்பார்கள்; ஆனால் இவ்வளவு நீர்த்த கரைசலில் அந்தப் பச்சை ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியாது. நிறமற்றதாகக் கண்ட மாணவர், மனப்பாடம் செய்த ‘வெளிர் பச்சை’யை எழுதாமல், கண்டதையே எழுதட்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. துருசு எனப்படும் இதே செப்பு சல்பேட்டைச் சுண்ணாம்புடன் சேர்த்துப் பூஞ்சைக்கொல்லியாகத் தெளிக்கும் போர்டோ கலவையில், இரும்புக் கத்தியை நனைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கத்தியில் செந்நிறம் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

மீதமுள்ள நீலக் கரைசலைப் பெயரெழுதிய புட்டியில் மூடி வையுங்கள். கால்வாயில் ஊற்றாதீர்கள், மீன்களுக்கு அது நஞ்சு.