அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் என் தொழிலும்

அன்புள்ள தங்கச்சி,

ஹட்டனிலிருந்து லண்டனுக்கு வந்து நான்கு மாதமாகிறது என்றும், பேராதனையில் விலங்கியல் படித்திருந்தும் கடையில்தான் வேலை கிடைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். டாக்டருக்குப் படிக்காதவர், மருந்துகளையும் அவற்றின் ஆய்வுகளையும் பற்றி எழுதித் தரும் மெடிக்கல் ரைட்டிங் வேலைக்குப் போகலாமா, பிரிட்ஜ் இல்லாத லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அப்பாவின் இன்சுலினை மண்சட்டியில் வைத்து மூன்று வருடம் அவரைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னால் மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். சொல்லும் விதத்தில் சொன்னால் மதிப்பார்கள். 16 வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அம்மா கொழுந்து பறித்தார். விரல் மூட்டுகள் வீங்கி, கிலோ குறைந்து, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழத் தொடங்கிய பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். அங்கே மெதோட்ரெக்சேட் கொடுத்தார்கள். மூட்டுவாதத்துக்கு அந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். உறையில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. வாயால் சொன்னது சிங்களத்தில். அம்மா மற்ற மாத்திரைகளைப் போல அதையும் தினமும் போட்டார். எட்டாம் நாள் வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. இரத்த அணுக்கள் குறைந்துவிட்டன என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

சில மாதங்களின் பின் அதே மருந்தை மீண்டும் தொடங்கியபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்து, "கலண்டரில் சிவப்பாக இருக்கிற நாளில் மட்டும் போடுங்கள்" என்றேன். அம்மா கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப போயாவுக்கும் போடவா?" என்று கேட்டார். எங்கள் கலண்டரில் பௌர்ணமி விடுமுறையான போயாவும் சிவப்புத்தான். என் மனதுக்கு அவ்வளவு தெளிவாக இருந்த வாக்கியம், அவர் கேட்டிராவிட்டால், ஒரே வாரத்தில் இரண்டு தடவை மருந்து போட வைத்திருக்கும். அன்றிரவே மாத்திரைகளை வாரவாரியாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதியை இலக்கத்தில் எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் தினமும் தராசில் தன் கொழுந்தின் கிலோவைச் சரிபார்த்தவர், இலக்கம் தவறாது.

நான் அன்று தற்செயலாகச் செய்ததை இங்கே சட்டப்படி செய்கிறார்கள். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, வேண்டிய தகவலைத் தேடி எடுத்து விளங்கிக்கொள்கிறார்களா என்று சோதிக்க வேண்டும் என்பது 2005 முதல் பிரித்தானியாவில் நடைமுறை. மெதோட்ரெக்சேட்டை எந்தக் கிழமை போடுவது என்பதை மருந்துச் சீட்டில் முழுதாக எழுதும்படி 2020இல் இங்குள்ள மருந்து ஒழுங்காற்று நிறுவனம் கேட்டுக்கொண்டதைப் படித்தபோது, அம்மாவின் பொட்டலங்களை நினைத்து அழுதேன்.

தொழிலில் பல பிரிவுகள் உண்டு. மருந்துப் பரிசோதனை அறிக்கைகளை எழுதுவோர் ஒரு சாரார், ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு உதவுவோர் இன்னொரு சாரார். உங்களுக்கு நோயாளிகளுக்கான எழுத்துத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஒரு மருந்துப் பரிசோதனை முடிந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் அதன் முடிவைப் பொதுமக்களுக்கு விளங்கும் மொழியிலும் சுருக்கித் தரவேண்டும் என்கிறது. விஞ்ஞானப் பட்டம் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டம் கேட்கும் இடங்களும் உண்டு. அநேகமாக எழுத்துத் தேர்வு வைப்பார்கள். முதல் வேலை கிடைக்கத்தான் நாள் எடுக்கும். எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. ஐரோப்பிய மருத்துவ எழுத்தாளர் சங்கத்தின் பயிற்சி வகுப்புகளைப் பாருங்கள்.

நேர்முகத்தில், அப்பாவைப் பார்த்ததால் இரக்கம் வந்தது என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எந்த அறிவுறுத்தல் உங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை, அதை நீங்கள் எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். 'குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்' என்ற வரி உங்கள் லயன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. அதை நேரில் கண்டவர் நீங்கள். அப்பாவின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எங்கும் எழுத வேண்டாம்.

முதலில் அந்த மண்சட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களோடு கடையில் நிற்கும், விஞ்ஞானம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியில் தடுமாறுகிறார் என்று குறித்துத் திருத்துங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னுமான இரண்டு பிரதிகளையும் எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு எதை இணைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.