‘பொய் வழக்கு’ என்கிறாரா? வாய்தாக்களைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தொகுதி வேட்பாளர் மீது அடிதடி, மிரட்டல் என்று இரண்டு வழக்குகள் உள்ளன. கேட்டால் ‘அரசியல் பழிவாங்கல்’ என்கிறார். அவரை எப்படி எடைபோடுவது?

பதில்: அவர் குற்றம் செய்தாரா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். வழக்கு வந்தபின் அவர் நடந்துகொண்ட விதத்தை நீங்களே பார்க்கலாம். ஆளின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

வேட்புமனுவோடு அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை, அதாவது படிவம் 26-ஐ, முதலில் எடுங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘எடுத்துத் தருகிறேன், செலவாகும்’ என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குற்ற எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா (அதாவது, நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்ததா), என்றைக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மேடையில் ‘சின்னத் தகராறு’ என்றவரின் பத்திரத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307 இருந்தால் அது கொலை முயற்சி. புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 109. போன தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலிருந்த வழக்கு இப்போது இல்லையென்றால், எப்படி முடிந்தது என்று கேளுங்கள்.

அடுத்து, நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளம். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு கொடுத்துத் தேடினால் வழக்கின் வாய்தா தேதிகள் வரிசையாக வரும். ஒரு தேதியை அழுத்தினால் அன்று நடந்தது ஓரிரு வரியில் இருக்கும். ‘எதிரி ஆஜரில்லை, 317 மனு அனுமதிக்கப்பட்டது’ என்றால், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அன்று வராமலிருக்க விலக்கு வாங்கியிருக்கிறார் என்று பொருள். ஓரிரு முறை சகஜம். பத்து வாய்தாவில் எட்டுக்கு அதே வரி, நடுவில் ஒரு பிடியாணை என்றால், வழக்கு முடியக்கூடாது என்று நினைப்பவர் அவர்தான். உண்மையிலேயே பொய் வழக்கானால் விடுவிப்பு மனுவோ ரத்து மனுவோ போட்டு, அதை விடாமல் நடத்துவார்.

‘கேஸ் முடிஞ்சு போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் உத்தரவின் முதல் பக்கத்தை மட்டும் சுற்றவிடும் தரகர்களிடம் மிகவும் கவனம் தேவை. கடைசிப் பத்தியைக் கேட்டு வாங்குங்கள். இடைக்காலத் தடை விடுதலை ஆகாது. சாட்சிகள் பிறழ்ந்து வந்த விடுதலையும், சாட்சியத்தை அலசி வந்த விடுதலையும் ஒன்றல்ல. 2021 ஆகஸ்டிலிருந்து எம்.எல்.ஏ., எம்.பி. மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றி அரசு வாபஸ் பெற முடியாது. அதற்கு முன் வாபஸான வழக்கென்றால் எந்த ஆட்சியில் என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்: போராட்ட வழக்குகள். மறியல் செய்தாலே 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அரசு உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) என்று போட்டுவிடுவார்கள். புதிய சட்டத்தில் 189(2), 223, 126(2). தண்ணீருக்காகச் சாலையில் உட்கார்ந்தவர் மீது இப்படிப் பத்து வழக்கு இருந்தாலும் அவரை ரவுடிப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம். 188-இல் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. பிரித்தறிய, புகார்தாரர் யாரென்று பாருங்கள். எஸ்.ஐ. அல்லது வி.ஏ.ஓ. என்றால் பெரும்பாலும் போராட்டம். பக்கத்து வீட்டுக்காரரோ கடைக்காரரோ புகார்தாரராக இருந்து, 506(2) போன்ற மிரட்டல் பிரிவும் இருந்தால், ‘மக்களுக்காகப் போராடினேன்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

நிலுவை வழக்குகளை வேட்பாளர் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். தொகுதியில் யாரும் வாங்காத பத்திரிகையைத் தேடிப்பிடித்து மூலையில் போடுகிறவர் மறைக்கவே பார்க்கிறார். வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் அவரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். வெற்றிவாய்ப்பை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. 2020 பீகார் தேர்தலில் இதை மீறிய கட்சிகளுக்குக் கிடைத்த அபராதம் 1 லட்சம், 5 லட்சம். கோடிகளில் புரளும் கட்சிகளுக்கு இது ஒரு தண்டனையா? பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னாலும் அதிகபட்சம் 6 மாதச் சிறைதான், அல்லது அபராதத்தோடு போய்விடும். இப்படி இருந்தால் எவர் பயப்படுவார்?

அடிபட்டவரின் குடும்பத்தையும் விசாரியுங்கள். மருத்துவச் செலவு யார் பார்த்தது, சமரசத்துக்கு ஆள் அனுப்பினாரா, மிரட்ட ஆள் அனுப்பினாரா என்று தெருவுக்கே தெரிந்திருக்கும். வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது ‘அடுத்த வாய்தா என்றைக்கு, நேரில் போவீர்களா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியை இ-கோர்ட்ஸில் அன்றைக்கே சரிபார்த்துவிடலாம்.