ஆத்தாவுக்கு மறதியா? பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி பி12 பாருங்க

கேள்வி: எங்க ஆத்தாவுக்கு 74 வயசு, தேவகோட்டைல அவ்ளோ பெரிய வீட்ல தனியாத்தான் இருக்காங்க, நாங்க எல்லாரும் சென்னை. போன ஆடிக்கு ஊருக்குப் போனப்ப எங்களுக்காக வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்டாங்க. ஆழாக்குல பச்சரிசிய தலைதட்டி அளந்து அதுமேலயே கோபுரமா உளுந்தைக் குமிக்கணும், அம்பது வருஷமா கை தானா செய்ற வேலை அது, அன்னைக்கு உளுந்தே போடாம அரிசிய மட்டும் ஊறவச்சு ஆட்டிட்டாங்க. எண்ணெய்ல ஊத்தினப்பதான் தெரிஞ்சது, உக்காந்து அழுதுட்டாங்க. 12 வருஷமா சுகர் மாத்திரை போடுறாங்க, அப்பச்சி போனதுல இருந்து கறி மீன் முட்டை எதுவும் தொடுறதில்ல. ஞாபக சக்தி பவுடர் வாங்கி அனுப்பட்டுமா, இல்ல வேற எந்தச் சத்து குடுத்தா சரியாகும்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: தங்கச்சி, பவுடருக்கு வச்சிருக்கிற காச எடுத்து முதல்ல ரத்தத்துல வைட்டமின் பி12 டெஸ்ட் பண்ணிடுங்க, அப்படியே தைராய்டும் பாத்துருங்க. ரெண்டுல எது குறைஞ்சாலும் மறதி வரும், ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. பி12 குறையுறதுக்கான காரணம் உங்க கடிதத்துலயே வரிசையா இருக்கு பாருங்க. சுகருக்கு நம்ம ஊர்ல ரொம்பப் பேருக்கு எழுதிக் குடுக்கிறது மெட்ஃபார்மின், அத வருஷக்கணக்கா போட்டா உடம்பு பி12ஐ எடுத்துக்கிறது குறையும். பி12 செடிகொடில கிடையாது, கறி, மீன், முட்டை, பால், தயிர் இதுலதான் இருக்கு, அதுல மூணு ஆத்தா விட்டாச்சு. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான், ஆனா பெரிய டம்ளர் நிறைய பால் குடிச்சாலே ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான் வரும், அவங்க குடிக்கிற காபில எவ்ளோ பால் இருக்கப்போகுது. இதுக்கு மேல வயசானா வயித்துல அமிலம் சுரக்கிறது குறையும், அது குறைஞ்சா சாப்பாட்டுல இருக்கிற பி12 கூட சரியா பிரிஞ்சு வராது. காலைல வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுற பழக்கம் இருக்கான்னும் கேளுங்க, ரொம்ப நாள் போட்டா அதுவும் இதே வேலையச் செய்யும்.

கல்லீரல்ல பி12 சேமிப்பு இருக்கும், அதனால இன்னைக்கு கறிய நிறுத்தினா பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும், அதுக்குள்ள எல்லாரும் வயசாச்சுல்ல மறதி வரத்தான் செய்யும்னு விட்டுருவோம். எங்க அப்பத்தாவ நாங்க அப்படித்தான் விட்டோம். பட்டாலைல நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழண்டு பின்னாடியே கிடக்கும், அவுகளுக்குத் தெரியாது, மறந்து விட்டுட்டுப் போறாகன்னு நெனச்சோம். பாதம் மரத்துப் போயிருந்திருக்கு, அதுவும் பி12 குறைவுதான். ஊசி போட ஆரம்பிச்சப்ப ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு, சோர்வு போச்சு, ஆனா கால் மரமரப்பு முழுசா போகல. நாள் போகப்போக நரம்புல ஏற்பட்ட சேதம் முழுசா சரியாகாது, அதான் உங்கள இவ்ளோ அவசரப்படுத்துறேன். ஆத்தாவுக்குப் பாதம் மதமதன்னு இருக்கா, நாக்கு செவந்து எரியுதான்னு இன்னைக்கே போன்ல கேளுங்க.

பி12 ரிசல்ட் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ வந்தா குறைபாடுன்னு எடுத்துக்குவாங்க, 200க்கும் 300க்கும் நடுவுல வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஊசியா மாத்திரையாங்கிறத அவர் சொல்லட்டும். நீங்களா ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிக் குடுத்துறாதீங்க, பி12 குறைவால வர்ற ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், உள்ள நரம்பு கெட்டுக்கிட்டே இருக்கும். பி12 சரியா இருந்தாலும் விட்டுறாதீங்க, பேர் மறக்குறது வேற, அம்பது வருஷக் கைப்பழக்கம் தப்புறது வேற, நரம்பு டாக்டர் பாக்கணும்.

பவுடர் விஷயம். வல்லாரையத் துவையலா அரைச்சு சாப்பிடட்டும், நல்ல கீரை, ஆனா போன ஞாபகத்த அது கொண்டுவரும்னு சொல்ல ஆதாரம் போதாது. ஞாபக சக்திக்குன்னு விக்கிற ஜின்க்கோங்கிற மர இலைச் சாறை அமெரிக்கால 75 வயசு தாண்டின 3,069 பேருக்கு வருஷக்கணக்கா குடுத்துப் பாத்து 2008ல முடிவு வந்தது, மறதி நோயத் தடுக்கல. பின்லாந்துல 60ல இருந்து 77 வயசு வரைக்கும் 1,260 பேர வச்சு ரெண்டு வருஷம் பண்ண ஆராய்ச்சி 2015ல வந்தது, அதுல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் கொழுப்பு கவனிப்பு எல்லாம் ஒண்ணா குடுத்தாங்க, அவங்களுக்கு யோசிக்கிற திறன் மத்தவங்கள விட நல்லா இருந்தது. எல்லாம் சேர்ந்துதான், ஒரு டப்பா இல்ல.

எனக்கு இன்னொரு கவலையும் இருக்கு. அவ்ளோ பெரிய வீட்ல ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பப் பத்தவைக்கிறதுன்னு ராத்திரி காபியும் நாலு தேங்குழலும் சாப்பிட்டுப் படுக்கிற ஆச்சிமார நான் நெறைய பாக்குறேன். பருப்பு இல்ல, காய் இல்ல, அப்பறம் சத்து எங்கிருந்து வரும். சமையலுக்கு ஒரு ஆள் போடுங்க, மதியம் பாசிப்பருப்பு போட்ட கீரை, வெண்டைக்காய் மண்டி, ஒரு கிண்ணம் தயிர் கட்டாயம் வைக்கச் சொல்லுங்க. மீன விட்டவங்கள தொண்டி மத்தி சாப்பிடுன்னு வற்புறுத்த வேணாம், மனசு கேக்காது. நாலு வால்நட் குடுக்கலாம், ஆனா அதுல இருக்கிற ஒமேகா3ங்கிற நல்ல கொழுப்பு, மீன்ல இருக்கிற வகையா உடம்புல மாறுறது கொஞ்சம்தான்.

கேள்வி: கவுனி அரிசி மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, எங்க ஐயாவுக்கு தினம் குடுக்கலாமா? சுகர் இருக்கு.
- வாசகர், காரைக்குடி

பதில்: அந்தக் கறுப்பு நிறம் ஆந்தோசயனின், நாவல்பழத்துல இருக்கிற சத்துதான், நல்லதுதான். ஆனா நம்ம வீடுகள்ல கவுனி அரிசின்னா சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறினதுதான தட்டுக்கு வருது. சுகர் ஏறினா மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாய் கெடும், அப்பறம் நெறத்துல கிடைச்சது சீனில போயிரும். சீனி இல்லாம கஞ்சியா, ராத்திரியே ஊறப்போட்டு நல்லா வேகவச்சு, மோர் ஊத்திக் குடுங்க, அன்னைக்குச் சோத்து அளவக் குறைச்சிருங்க.