ஓத வாடை வரும் மூலை

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் என் மனைவியும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகருக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டத்தில் இருக்கிறோம். அடுக்ககத்தின் வாடகையைக் கொடுத்து மாளாமல், 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 22 அடி நீளக் கேம்பர் டிரெய்லர் (காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி) ஒன்றை 4,500 டாலருக்கு வாங்கி, ஆறு வாரங்களாக அதிலேயே குடியிருக்கிறோம். அலமாரி, சமையல் மேடை, தரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது என் எண்ணம். முதலில் சுவர்களுக்கு வெள்ளையடித்து, மனிதர் இருக்கும் இடமாக்கிவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்கிறாள் மனைவி. கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் மட்டும் எப்போதும் ஓத வாடை வருகிறது. நீங்கள் இரண்டு ஆண்டுகள் இப்படி வாழ்ந்ததைப் பற்றி எழுதியிருந்ததால் கேட்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? குடியிருந்துகொண்டே இதைச் செய்ய நினைத்தது தவறா? வண்டியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

குடியிருந்துகொண்டே செய்ய நினைத்ததில் தவறில்லை. ஆனால் நீங்கள் இருவரும் சொல்லும் இரண்டு வழிகளையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்றே சொல்வேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஓத வாடையைப் பற்றிய ஒற்றை வரியைத்தான். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

படத்தில் பக்கத் தகடு வரிவரியாக மடிந்து தெரிகிறது. ஆகவே உங்களுடையது, ஓஹையோவின் ஜாக்சன் சென்டரில் செய்யப்படும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளைப் போல ரிவெட் அடித்து இணைத்த அலுமினியக் கூடு அல்ல, மரக்கூடு. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குல மரச்சட்டங்களும் கண்ணாடி இழைப் பஞ்சும் இருக்கும். வண்டியைத் தாங்கி நிற்பது அந்தச் சட்டங்கள்தான். கூரைத் தகடும் சுவர்த் தகடும் சந்திக்கும் விளிம்பில் ஓர் அலுமினியப் பட்டையைத் திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். திருகாணித் தலைகளை மறைக்க அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாடா ஓடும். வெயிலில் நாடா சுருங்கும், இடுக்கை அடைக்க அடியில் வைத்த புட்டிப் பசை காய்ந்து வெடிக்கும், அந்த இடுக்கில் இறங்கும் மழைநீர் திருகாணி வழியாகவே மரத்துக்குள் போய்விடும். ஐம்பது ஆண்டு பழைய வண்டியில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

எங்கள் வண்டிக்கு நாங்கள் முதலில் வெள்ளைதான் அடித்தோம். மூன்று வாரம் மழை பெய்ததும் படுக்கைக்கு மேலே முன்சுவரில் வண்ணம் குமிழ்விட்டது. குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் பலகைக்குள் இறங்கியது. உள்ளே இருந்த சட்டம் தேநீரில் நனைத்த ரொட்டியைப் போலப் பிய்ந்து கையோடு வந்தது. தண்ணீர் நுழைந்த இடமோ அதுவல்ல. வண்டியின் நெற்றியில் இருக்கும் சிறு விளக்குகளில் ஒன்றின் பின்புறம் நுழைந்து, சட்டத்தின் மேலேயே நான்கு அடி ஓடி, அங்கே வந்து இறங்கியிருக்கிறது. ஈரம் தெரியும் இடத்தை மட்டும் பார்த்துக் கொத்தினால் ஒழுகலைப் பிடிக்க முடியாது என்பதை அன்றைக்கு அறிந்தேன்.

எனவே மழை பிடிப்பதற்குள் அந்த மூலைக்கு நேர் மேலே உள்ள பட்டையைக் கழற்றுங்கள். வெளிவரும் திருகாணிகளை வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைத்துப் பாருங்கள். தலை பளபளப்பாக இருந்து நடுவுடல் துருவேறிக் குச்சியாக இளைத்திருந்தால், அந்த இடத்தில் மரம் நனைந்திருக்கிறது. பிறகு ஒரு குத்தூசியால் சட்டத்தைக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் ஊசியை உள்ளே விட்டுவிடும். பழைய புட்டிப் பசையைத் தகட்டில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர்ப் பசை நாடா) வைத்துத் துருப்பிடிக்காத திருகாணிகளால் முடுக்குங்கள். சன்னல் சட்டங்கள், கூரைக் காற்றுப்போக்கி, நெற்றி விளக்குகள் எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சிலிக்கான் பசையைப் பிதுக்கிவிடாதீர்கள். அது விட்டுப்போகும் மெல்லிய படலத்தின்மேல் பிறகு வேறு எந்த அடைப்புப் பசையும் ஒட்டாது. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பூசிய சிலிக்கானைச் சுரண்டுவதிலேயே என் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெயர்ப்பதை நான் தடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த அலமாரிகளும் தடுப்புகளும் வெறும் சாமான்கள் அல்ல. சுவர்களை நேராகப் பிடித்து நிறுத்துவதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஒருசேர எடுத்தால் கூரை தொய்யும், சுவர் விலகும். மற்றொரு காரணம் நீங்கள் உள்ளே இருப்பது. உறங்க ஓர் இடம், தண்ணீர் வரும் ஒரு குழாய், எரியும் ஓர் அடுப்பு, கழிப்பறை ஆகிய நான்கும் எந்த இரவிலும் இல்லாமல் போகக்கூடாது. வண்டியை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து, நடுவே தடித்த பிளாஸ்டிக் திரை கட்டி, ஒரு பாதி முடிந்தபின் மறுபாதிக்குப் போங்கள். இதனால் வேலை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தூளோடு படுத்து மரத்தூளோடு எழும் மூன்றாவது மாதத்தில்தான் பலர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் நீரை நிறுத்திய பிறகு, உங்களிடமிருந்தே வரும் நீரைக் கவனியுங்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. சோறு கொதிக்கும் ஆவியும் இரண்டு பேரின் மூச்சும் இதோடு சேர்ந்து, குளிர்காலத்து இரவில் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். ஒரு நாள் காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் நனைந்து, கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. மெத்தைக்கு அடியில் இடைவெளிவிட்ட ரீப்பர் கட்டைகளை அடுக்கிக் காற்று ஓடச் செய்த பிறகுதான் அது நின்றது. குளிருக்குப் பயந்து கூரைத் திறப்பை முழுக்க அடைக்காதீர்கள், சமைக்கும்போது கட்டாயம் திறந்து வையுங்கள். உங்கள் மூலையின் வாடைக்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். மழையில்லாத வாரத்திலும் அங்கே ஈரம் இருந்தால் இதையும் சந்தேகியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். நண்பரின் வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து நீண்ட ஒயர் இழுத்திருந்தால், ஹீட்டரைப் போட்டபடி வேறு எதையும் அதில் ஓட்டக்கூடாது; பிளக்கின் முனையை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே நிறுத்துங்கள். வண்டியின் மின்பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். முன்பு இருந்தவர் யாராவது இரண்டையும் அங்கே சேர்த்து முறுக்கியிருந்து, வருகிற நியூட்ரல் அறுந்தால், வண்டியின் தகடு முழுவதிலும் மின்சாரம் ஏறக்கூடும். ஈரப் புல்லில் நின்று கதவைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எரிவாயுக் குழாயிலும் நீங்கள் கைவைக்க வேண்டாம். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டி மாட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டு எச்சரிக்கும் கருவி படுக்கைக்கு அருகில் தனியாக ஒன்று வேண்டும். இந்த இரண்டும் இன்று இரவே தேவை.

தரையைப் பெயர்க்கும்போது வெளியே சென்று தங்க வேண்டிய நாட்களும் உண்டு. அக்காலத்து வினைல் தரைவிரிப்பிலும் அதன் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும் என்பதால், சிறு துண்டொன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை தரையைச் சுரண்டாதீர்கள். புதிய பலகைகளும் பாதுகாப்பானவை என்று எண்ணிவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் காத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த டிரெய்லர்களில் தங்கியோர் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் சொன்னபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்து, உள்காற்றில் ஃபார்மால்டிஹைடு வழக்கமான வீடுகளைவிட அதிகம் என்று 2008இல் அறிவித்தது. ஒட்டுப்பலகைகளில் வைக்கும் பசையிலிருந்து வரும் வாயு அது. 2010இல் இதற்கு வரம்பு விதித்துச் சட்டம் வந்தது. பலகை வாங்கும்போது, அந்த வரம்புக்குள் இருப்பதைக் காட்டும் டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6 முத்திரையைப் பாருங்கள். பார்த்து வாங்கியதையும் ஒரு வாரம் கொட்டகையில் காற்றாட விட்டு, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். இருநூறு சதுர அடிகூட இல்லாத அறையில் தலைமாட்டில் அந்தப் பலகை இருக்கப் போகிறது.

சக்கரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. எழுத்துக்களுக்குப் பின்வரும் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஆறு ஆண்டுகளைக் கடந்திருந்தால், மேல்வரிகள் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழுப்பேறிய சுவர்களுக்கு நடுவே ஒரு குளிர்காலம் முழுவதையும் கழிப்பது எளிதல்ல. கழிப்பறைக்கும் படுக்கைக்கும் இடையே குறுக்குத் தடுப்பு இருக்கும். அதற்கு வெளித்தகட்டோடு தொடர்பில்லை, மழை அதைத் தொடாது. வாடை குறைந்த வண்ணம் வாங்கி, சன்னல்களைத் திறந்து வைத்து, இந்தச் சனிக்கிழமையே அந்த ஒரு சுவருக்கு மட்டும் அவர் விரும்பிய வெள்ளையை அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூலைப் பட்டையைக் கழற்றி, திருகாணிகளின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.